உறுப்புப்போலி: சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் கிண்ணத்தில் வளரும் கட்டிகளும்

சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் ‘ஆர்கனாய்டு’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘சோதனைச்சாலையில் குட்டி மூளை’, ‘கிண்ணத்தில் வளரும் குடல்’ என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு, உள்ளே பத்து வரியில் செய்தியை முடித்துவிடுகிறார்கள். படிப்பவர்களில் சிலர் இனி ஈரலும் சிறுநீரகமும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் இதெல்லாம் மேல்நாட்டு வேடிக்கை என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் உண்மை இருக்கிறது. அதை ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு விளக்கிப் பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் எண்ணம். எடுத்துக்கொண்ட நோய், சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோய்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஆர்கன்’ என்றால் உறுப்பு. ‘ஆய்டு’ என்ற ஈறு ‘அதைப் போன்றது’ என்று பொருள்படும். தமிழில் இதைச் சிலர் ‘சிற்றுறுப்பு’ என்கிறார்கள். எனக்கு அதைவிட ‘உறுப்புப்போலி’ பிடிக்கிறது. போலி என்றதும் போலி மருந்து, போலிச் சாமியார் என்று மனம் போகும். ஆனால் பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி நினைவிருக்கும். ‘அறம்’ என்பது ‘அறன்’ என்றும், ‘நிலம்’ என்பது ‘நிலன்’ என்றும் வரும். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நின்று அதே பொருளைத் தருவதுதான் இலக்கணப் போலி. நோயாளியின் உடம்பில் இருக்கும் கட்டிக்குப் பதிலாக, கிண்ணத்தில் வளரும் கட்டி நின்று அதே பதிலைத் தருமா? இத்துறையின் முழுக் கேள்வியும் இதுதான்.

பையும் அதன் உட்சுவரும்

சிறுநீர்ப்பை வெறும் தோல் பையல்ல. வெளியே தடித்த தசை. அதன் உட்புறம் இணைப்புத் திசு. அதற்கும் உள்ளே, சிறுநீரைத் தொட்டுக்கொண்டு மெல்லிய உட்சுவர். இந்த உட்சுவரிலும் அடுக்குகள் உண்டு. அடியில் சிறிய அடித்தள அணுக்கள், நடுவில் இடைநிலை அணுக்கள், மேலே குடை விரித்தாற்போல அகன்ற அணுக்கள். குடை அணுக்கள் என்றே அவற்றுக்குப் பெயர். சிறுநீரில் உள்ள கழிவு திரும்ப இரத்தத்தில் கலந்துவிடாமல் காப்பது இந்தக் குடைகளின் வேலை. பை நிறையும்போது நீட்டிக்கொண்டும் காலியானதும் சுருங்கிக்கொண்டும் இவை வாழ்நாள் முழுவதும் உழைக்கின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் மிகப்பெரும்பாலானது இந்த உட்சுவரில்தான் தோன்றுகிறது.

2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி சுமார் 6,14,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. சுமார் 2,20,000 பேர் இறந்தார்கள். பெண்களைவிட ஆண்களுக்கு மும்மடங்குக்கும் மேலாக வருகிறது. காரணங்களில் முதலிடம் புகையிலைக்கு. புகையில் உள்ள நச்சு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீராகிப் பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. பீடியையோ சிகரெட்டையோ நுரையீரலோடு மட்டும் முடிச்சுப் போட்டுப் பேசும் பழக்கத்தால் இந்த விஷயம் பலருக்கும் தெரிவதில்லை.

இரண்டாவது காரணம் சாயம். 1895-ல் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், மெஜந்தாச் சிவப்புச் சாயம் தயாரிக்கும் தொழிலாளிகளிடையே இந்நோயைக் கண்டு எழுதினார். தொழில் காரணமாக வரும் புற்றுநோய்களின் வரலாற்றில் அது ஒரு மைல்கல். (இதே ரேன்தான் அடுத்த ஆண்டு, கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் இதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தவர்.) பின்னர் பென்சிடின், நாப்தைலமின் போன்ற பொருள்களே குற்றவாளிகள் என்று தெரிந்தது. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் சாயத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் பலர் உண்டு. தொடர்பு ஏற்பட்டு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நோய் தலைகாட்டலாம் என்பதால், மருத்துவர் கேட்காவிட்டாலும் தாங்களாகவே பழைய வேலையைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது.

வலி இல்லாத இரத்தம்

இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் ஒன்றே: வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம். ஒரு நாள் சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ போகும், மறுநாள் தெளிந்துவிடும். இரண்டு மாதம் ஒன்றும் இராது. ‘தில்லி வெயில், சூட்டுக்கு அப்படித்தான்’ என்று பார்லித் தண்ணீரும் வெந்தயமும் மோரும் கொடுத்து மறந்துவிடுகிறோம். கஞ்சி குடித்ததால் நின்றது என்றே நம்பிவிடுகிறோம். உண்மையில் அது தானாகவே நின்றது. தானாகவே மறுபடி வரும்.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை. சிறுநீரில் இரத்தம் என்றதும் ‘இன்பெக்‌ஷன்’ என்று மாத்திரை எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒருமுறை சரி. கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமியே இல்லை என்று வந்த பிறகும் மூன்றாவது, நான்காவது முறை அதே மாத்திரை என்றால், அங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். பெண்களிடம் இந்நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் அம்மாவுக்கோ மாமனாருக்கோ இந்தி தெரியாது. மருத்துவமனைக்குப் போனால் மொழிபெயர்ப்பவன் பதினாறு வயதுப் பேரன். ‘ஒன்றுக்குப் போனால் இரத்தம் வருகிறது’ என்று அவனை வைத்துக்கொண்டு சொல்ல அந்த அம்மாளுக்கு வாய் வருமா? ‘அடி வயிற்றில் ஒரு மாதிரி இருக்கிறது’ என்று முடித்துவிடுகிறார். மருத்துவரும் வாயு மாத்திரை எழுதிவிடுகிறார். ‘பேஷாப் மே கூன்’ என்ற மூன்று சொற்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பினால்கூடப் போதும். சிறுநீரில் இரத்தம் என்றால் எல்லாம் புற்றுநோய் அல்ல. கல், கிருமித்தொற்று, ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கம் என்று வேறு காரணங்களே மிகுதி. ஆனால் எது என்று தீர்மானிப்பது பார்லித் தண்ணீரின் வேலையல்ல. அதற்கு ஸ்கேன் உண்டு. மெல்லிய குழாய் வழியே பையின் உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி உண்டு.

சிகிச்சையில் உள்ள சூதாட்டம்

கண்டறியப்படும்போது சுமார் நான்கில் மூன்று பங்கு நோயாளிகளுக்குக் கட்டி உட்சுவரோடு நிற்கிறது, தசைக்குள் இறங்கியிருப்பதில்லை. குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடலாம். அதோடு தொல்லை தீர்ந்தால் நன்றாயிருக்கும்; பலருக்குத் தீர்வதில்லை. தோட்டத்தில் கோரைப்புல் போல அதே இடத்தில் அல்லது பக்கத்தில் மீண்டும் முளைக்கிறது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஆண்டுக்கணக்காகக் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதனால் மிகுந்த செலவு வைக்கும் புற்றுநோய்களில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

மறுபடி வருவதைத் தடுக்கக் கொடுக்கும் மருந்து வியப்பானது. நம் எல்லோருடைய தோளிலும் தழும்பாக இருக்கும் பி.சி.ஜி. தடுப்பூசி மருந்துதான் அது! காசநோய்க்காகப் பிரான்சு நாட்டில் கால்மெட், கெரான் என்ற இருவர் 1908 முதல் 1921 வரை பாடுபட்டுச் சாதுவாக்கிய கிருமி. இந்தியாவில் இதைத் தயாரிக்க 1948-ல் சென்னைக் கிண்டியில் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அந்தப் பக்கம் பேருந்தில் போனவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கக்கூடும். கனடாவில் ஆல்வரோ மொராலெஸ் என்ற மருத்துவர், இந்தக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் நேரே செலுத்தினால் கட்டி திரும்ப வருவது குறைகிறது என்று ஒன்பது நோயாளிகளை வைத்து 1976-ல் அறிவித்தார். வாரம் ஒன்றாக ஆறு வாரம், ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டு மணி நேரம் பையில் தேக்கி வைக்கிறார்கள். கிருமியைக் கண்டு விழித்தெழும் உடலின் எதிர்ப்புப் படை, கூடவே புற்றணுக்களையும் தாக்குகிறது. சுமார் ஐம்பதாண்டு ஆகியும், இன்றும் இதுவே முதல் மருந்து. ஆனால் எல்லோருக்கும் கேட்பதில்லை. யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடிவதில்லை.

கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் நிலைமை கடுமையாகிறது. முதலில் சிஸ்பிளாட்டின் அடங்கிய மருந்துகளைச் சில மாதம் கொடுத்து, பிறகு பையையே எடுத்துவிடுவது வழக்கமான முறை. 2003-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இம்முறைக்கு அடிப்படை. அதில் மருந்து வாங்கியபின் அறுவைக்கு வந்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு, எடுத்த பையில் புற்றுநோயின் சுவடே இல்லை. மருந்தில்லாமல் நேரே அறுவைக்குப் போனவர்களில் இப்படி இருந்தது 15 சதவீதம்தான். மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மருந்து வாங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி முழுதாகக் கரையவில்லை. அவர்களில் சிலருக்கு அது கொஞ்சமும் அசையவில்லை. அப்படிப்பட்டவர்கள் வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு, காது இரைச்சல் எல்லாம் பட்டு, அறுவையையும் சில மாதம் தள்ளிப்போட்டு, நோய்க்கு அவகாசம் கொடுத்தார்கள் என்று ஆகிறது. அந்த 38-இல் இவர் ஒருவரா இல்லையா என்று முதல் நாளே தெரிந்தால்?

இப்போது மருந்துகளும் பெருகிவிட்டன. குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ள கட்டிகளுக்கென்று எர்டாஃபிட்டினிப் என்ற மாத்திரை 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிய நோய்க்கு என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, சராசரி வாழ்நாள் 16.1 மாதத்திலிருந்து 31.5 மாதமாக உயர்ந்தது; இதற்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. விலையோ நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை விற்க வைக்கும். தேர்வு செய்ய நாலு மருந்து இருக்கும்போதுதான் எது என்று தெரிந்து கொடுப்பதன் அருமை புரிகிறது.

தட்டில் வளர்ந்த அணுக்கள்

மருந்தை முதலில் ஆய்வகத்தில் சோதிக்கலாமே என்றால், அதற்குப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டவை தட்டையான கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டுகளில் வளரும் அணு வரிசைகள். சிறுநீர்ப்பைத் துறையில் மிகப் புகழ்பெற்றது ‘டி-24’. ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி ஒருவரின் கட்டியிலிருந்து 1970-ல் எடுத்தது. அவர் போய் எத்தனையோ காலமாயிற்று. அவர் கட்டியின் அணுக்கள் இன்றும் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

டி-24 செய்த உபகாரம் சிறிதல்ல. மனிதப் புற்றுநோயில் ஒரு மரபணுவின் ஒரே ஓர் எழுத்துப் பிழை என்ன செய்யும் என்பது முதன்முதலில் 1982-ல் தெரிந்தது இதன் மூலம்தான். எச்-ராஸ் என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாற, அது தரும் புரதத்தின் 12-ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டியதற்கு வேலின் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைக் கண்டன. அவற்றில் ஒரு கட்டுரையின் முதல் ஆசிரியர் இ. பிரேம்குமார் ரெட்டி, இந்தியாவிலிருந்து போனவர்.

ஆனால் இவ்வணு வரிசைகளுக்குப் பெரிய குறைகள் உண்டு. தட்டில் ஒற்றைப் படலமாகப் பரவி வளர்வதால் அடுக்கு என்பதே இல்லை. பல்லாண்டு வளர்ப்பில் மரபணுக்கள் மேலும் மேலும் மாறிவிட்டன. போதாக்குறைக்கு ஆள்மாறாட்டம் வேறு! ‘ஈஜே’ என்ற பெயரில் தனி நோயாளியுடையது என்று பல ஆய்வகங்கள் வைத்திருந்தது, கடைசியில் டி-24 தான் என்று தெரியவந்தது. எலியின் உடலில் நோயாளியின் கட்டியை ஒட்டி வளர்ப்பது இன்னொரு வழி. அது உண்மைக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் மாதக்கணக்காகும், செலவு மிகுதி. காத்திருக்கும் நோயாளிக்கு அவ்வளவு நேரம் இல்லை.

கிண்ணத்தில் கட்டி எப்படி வளர்கிறது

திருப்பம் 2009-ல் வந்தது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரிலுள்ள ஹியூப்ரெக்ட் ஆய்வகத்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ், ஜப்பானியரான தோஷிரோ சாட்டோ இருவரும் எலிக்குடலின் ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து குடல் சுவர் போன்ற மடிப்பும் குழியும் கொண்ட உருண்டைகளை வளர்த்துக் காட்டினார்கள். குருத்தணு என்பது ஸ்டெம் செல். அதற்குச் சரியான மெத்தையும் சரியான தீனியும் கொடுத்தால், மேஸ்திரி இல்லாமலே தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது என்பதே அவர்கள் கண்டது. பிறகு ஈரல், கணையம், நுரையீரல் என்று வரிசையாக வந்தன. 2013-ல் வியன்னாவில் மெடலின் லங்காஸ்டர் வளர்த்த ‘குட்டி மூளை’தான் பத்திரிகைகளுக்குத் தீனி போட்டது.

செய்முறையைச் சொல்கிறேன். அறுவை அறையில் சுரண்டி எடுத்த கட்டியில் ஒரு சிறு துண்டைக் குளிர்ந்த ஊட்டக் கரைசலில் போட்டு உடனே ஆய்வகத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அங்கே பொடிப்பொடியாக நறுக்கி, திசுவைப் பிணைத்திருக்கும் நாரைக் கரைக்கும் நொதியில் ஊறவைத்து, வடிகட்டி, அணுக்களையும் அணுக்கொத்துகளையும் பிரிக்கிறார்கள். இவற்றை மேட்ரிஜெல் என்ற கூழில் கலந்து சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விடுகிறார்கள். இந்தக் கூழின் குணம் விநோதமானது. நம் வீட்டில் கடல்பாசி காய்ச்சினால் சூட்டில் நீராக இருந்து ஆறியதும் உறையும். மேட்ரிஜெல் நேர்மாறு: பனிக்கட்டிக் குளிரில் நீராக இருக்கும், உடல் சூட்டுக்கு வந்ததும் உறையும். உறைந்த சொட்டின் மேல், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் கலந்த செந்நிற ஊட்டக் கரைசலை ஊற்றி, 37 டிகிரிச் சூட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள். சில நாளில் உருண்டைகள் தெரியத் தொடங்கும். சில வாரங்களில் மருந்துச் சோதனைக்குப் போதுமான அளவு சேரும். ஒவ்வொன்றும் கசகசாவைவிடச் சிறியது. உடைத்து மறுபடி நடலாம். உறைய வைத்துப் பல்லாண்டு சேமிக்கலாம். நாற்றங்காலும் விதைக்கோட்டையும் தெரிந்தவர்களுக்கு இதில் புதிது எதுவுமில்லை.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். மைக்கேல் ஷென் தலைமையிலான குழு, நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 22 உறுப்புப்போலி வரிசைகளை வளர்த்து 2018-ல் ‘செல்’ இதழில் வெளியிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் மூலக் கட்டியின் சாயல். மரபணுவைப் படித்தால் மூலக் கட்டியின் பிழைகள். அதோடு, ஒரே கட்டிக்குள் இருக்கும் பலதரப்பட்ட அணுக்கூட்டங்கள் கிண்ணத்திலும் பெரும்பாலும் நிலைத்தன. ஒரே நோயாளியிடம் முதலில் எடுத்த கட்டியையும், நோய் திரும்பியபின் எடுத்த கட்டியையும் அடுத்தடுத்து வளர்த்து, இடையில் கட்டி எப்படி மாறியது, எந்த மருந்துக்குப் பழகிப்போயிற்று என்று பார்க்கவும் முடிந்தது. மறுபடி மறுபடி வரும் நோய்க்கு இதைவிட ஏற்ற பாடசாலை வேறென்ன?

ஒரு செய்தி அவர்களுக்கே சங்கடமாக இருந்திருக்கும். குடை அணுக்களின் சாயல் கொண்ட சில கட்டிகள், கிண்ணத்தில் வளர்ந்தபோது அடித்தள அணுக்களின் சாயலுக்கு மாறின. அவற்றையே எலியின் சிறுநீர்ப்பையில் நட்டபோது பழைய சாயலுக்குத் திரும்பின. மரபணுப் பிழைகள் மாறவில்லை, நடத்தை மாறிற்று. அப்படியானால் சுற்றுப்புறம் ஏதோ சொல்லிக்கொடுக்கிறது என்றாகிறது. அது என்ன என்பதற்குத் தென்கொரியாவின் போஹாங் நகரிலிருந்து 2020-ல் ஒரு விடை வந்தது. குன்யூ ஷின் குழுவினர், உட்சுவர் அணுக்களோடு இணைப்புத் திசுவையும் தசையையும் சேர்த்து மூன்றடுக்குக் குட்டிச் சிறுநீர்ப்பை செய்தார்கள். ‘அசெம்பிளாய்டு’ என்று அதற்குப் பெயர். பக்கத்து இணைப்புத் திசு அனுப்பும் இரசாயனச் சேதிகளே கட்டி எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன என்று அதில் கண்டார்கள். பிள்ளைகளுக்குச் சேர்க்கை சரியில்லை என்று நம் வீடுகளில் சொல்வது அணுக்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

2023-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஆய்வாளர்கள், உட்சுவரோடு நிற்கும் கட்டி, தசைக்குள் இறங்கிய கட்டி என நோயின் பல நிலைகளிலிருந்தும் உறுப்புப்போலிகளை வளர்த்து, வழக்கமான மருந்துகளையும் புதிய மருந்துகளையும் அவற்றின்மேல் சோதித்து வெளியிட்டார்கள். ஒரே பெயர் கொண்ட நோயிலும் ஆளுக்கு ஆள் பதில் வேறாக இருந்தது.

கிண்ணம் சொன்னால் நம்பலாமா?

இதற்கு நல்ல அளவுகோல் வேறு புற்றுநோயில் கிடைத்தது. லண்டனில் குடல், இரைப்பைப் புற்றுநோய் பரவியவர்களின் உறுப்புப்போலிகளில் மருந்தைச் சோதித்து, அதே மருந்து அதே நோயாளிக்கு எப்படி வேலை செய்தது என்று 2018-ல் ஒப்பிட்டார்கள். கிண்ணத்தில் மருந்து கேட்கும் என்று வந்தவற்றில் 88 சதவீதம் நோயாளியிடமும் கேட்டது. கேட்காது என்று வந்தவற்றில் ஒன்றுகூட நோயாளியிடம் கேட்கவில்லை. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வீணான மருந்தைக் கொடுக்காமல் தவிர்ப்பதும் ஒரு சிகிச்சைதான். ஆனால் அந்த ஆய்வு சிறியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், உறுப்புப்போலியின் சொல்லைக் கேட்டு மருந்து கொடுத்தால் நோயாளி அதிக காலம் வாழ்கிறார் என்று பெரிய சோதனைகளில் நிலைநாட்டி, அதை வழக்கமான சிகிச்சை விதியாக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. உறுப்புப்போலிக்கு இரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை, எதிர்ப்புப் படை இல்லை. பி.சி.ஜி. வேலை செய்வதே எதிர்ப்புப் படையின் மூலம். ஆகவே அந்த அணுக்களைத் தனியே சேர்க்காத வெறும் உறுப்புப்போலியிடம் பி.சி.ஜி. பற்றிக் கேட்டால் பதில் வராது. பெம்ப்ரோலிசுமாப் போன்றவற்றுக்கும் இதே கதி. நோயாளியின் வெள்ளணுக்களையும் கூடவே வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. சிஸ்பிளாட்டின் கட்டியைக் கொல்லுமா என்று கிண்ணம் சொல்லும். இந்த எழுபது வயதுக்காரரின் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று சொல்லாது. எடுத்த துண்டெல்லாம் வளர்வதுமில்லை. சில சமயம் கட்டியை முந்திக்கொண்டு பக்கத்து நல்ல அணுக்கள் வளர்ந்துவிடும். கவனிக்காவிட்டால் நல்ல திசுவின்மேல் மருந்தைச் சோதித்துவிட்டுக் கட்டியின் பதில் என்று எழுதிவிடுவார்கள். அந்த மேட்ரிஜெல்லும் எலியின் கட்டி ஒன்றிலிருந்து எடுப்பதுதான். ஒரு புட்டிக்கும் இன்னொரு புட்டிக்கும் குணம் சற்று வேறுபடும்.

புதிய மருந்துகளை ஆராய்வதில் மட்டும் உறுப்புப்போலிக்கு இடம் உறுதியாகிவிட்டது. விலங்குச் சோதனைக்குப் பதிலாக இப்படிப்பட்ட முறைகளையும் ஏற்கலாம் என்று அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் திருத்தியது. இந்தியாவும் 2023 மார்ச்சில் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, மனித அணுக்களைக் கொண்ட சோதனை முறைகளுக்கு வழி திறந்தது.

குடும்பத்தில் கேட்க வேண்டியவை

நம்மில் யாருக்காவது இந்நோய் வந்து, ‘கட்டியை வளர்த்துப் பார்த்து மருந்து சொல்கிறோம்’ என்று எவரேனும் முன்வந்தால் என்ன செய்வது? அது ஆராய்ச்சியா, கட்டணச் சேவையா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஆராய்ச்சியானால் பணம் கேட்கக் கூடாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், நோயாளி புரிந்துகொண்டு இட்ட கையெழுத்தும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. புரியும் மொழியில் விளக்கம் கேட்பது நோயாளியின் உரிமை. இந்தி தெரியாத அப்பாவிடம் இந்திப் படிவத்தை நீட்டி ‘இங்கே போடுங்கள்’ என்றால், பொறுங்கள் என்று சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம். வளர்த்த அணுக்களை வேறு யாருக்கும் கொடுப்பார்களா, வணிகத்துக்குப் பயன்படுமா என்றும் கேட்கலாம். 1951-ல் அமெரிக்காவில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் கட்டியிலிருந்து அவரைக் கேளாமலே எடுத்த அணுக்கள் உலகெங்கும் விற்பனையான கதை பலரும் அறிந்தது.

கட்டணச் சேவையானால் கேள்விகள் வேறு. இந்தப் புற்றுநோயில், நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் எத்தனை? முடிவு எத்தனை வாரத்தில் வரும், அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்களா? வளராவிட்டால் பணம் திரும்புமா? கிண்ணம் சொல்லும் மருந்து இந்தியாவில் கிடைக்குமா, கிடைத்தால் என்ன விலை? இவற்றுக்கு நேரான பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தைத் தெரிந்த சிகிச்சைக்கு வைத்துக்கொள்வதே மேல். முடிவுக்காகக் காத்திருந்து, உறுதியான சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று, இதில் நேரம் முக்கியம். சுரண்டி எடுத்த கட்டி வழக்கமாக ஃபார்மலின் புட்டிக்குள் போகிறது. நோய் எவ்வளவு ஆழம் என்று பார்க்கும் நிபுணருக்கு அது வேண்டும். அவருக்குத் தேவையானது போக எஞ்சியதைத்தான் வளர்ப்புக்குக் கொடுக்க முடியும். ஃபார்மலினில் நனைந்த அணு செத்த அணு. அதை எவராலும் வளர்க்க முடியாது. ஆராய்ச்சியில் சேர விருப்பமுள்ளவர்கள், பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் அப்படி ஏதும் நடக்கிறதா என்று விசாரிப்பதானால், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே விசாரித்துவிட வேண்டும்.